ரெண்டு விசில்

ஜனவரி 27, செவ்வாய். அம்பாசமுத்திரம்

பணி ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் ஒரு சால்வையும் இந்த டைரியும் கொடுத்தார்கள். சால்வையைப் பூனை எடுத்துக்கொண்டது. டைரி சும்மா கிடந்தது. பஸ் டிரைவருக்கு எழுதுகிற வேலை கிடையாது, எழுதுவதெல்லாம் கண்டக்டர் பாடு. இப்போது எழுத விஷயம் வந்திருக்கிறது.

என் மகள் கோமதிக்கு ஏழாம் மாதம். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் ஒரு காற்றாலையில் எஞ்சினியர். ஆரல்வாய்மொழியில் இருந்தபோது கூட வேலை பார்த்த தன்ராஜைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்கே போய்விட்டாள். நல்ல பையன். தமிழில் அவனுக்கு ‘மாமா’, ‘சாப்ட்டாச்சா’ என்ற இரண்டும் தெரியும். குடும்பம் நடத்த அது போதும்.

பிப்ரவரி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பிறந்த வீட்டிலிருந்து வளையல் போக வேண்டும். பிறந்த வீடு என்றால் இப்போது நான் ஒருவன்தான். என் பெண்டாட்டி பிரமு போய் இரண்டு வருசம் ஆகிறது. முட்டுவலியால் வர முடியாத செல்லம்மா அக்கா போனில் உத்தரவு போட்டுவிட்டாள்.

“வளையலக் கொண்டுபோயிக் குடு. குடுத்துட்டு ஓரமா நின்னுக்கோ. பொண்டாட்டி இல்லாதவன் சபையில முன்னால போயி நிக்கக் கூடாது. மொத வளையல் சுமங்கலி கைதான் போடணும். கேட்டியா?”

கேட்டேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது பெண்கள் காரியம்.

வளையல் கடைக்காரர், “ரெண்டு நாலா, ரெண்டு ஆறா?” என்றார். பஸ் நம்பர் கேட்கிறாரோ என்று விழித்தேன். நல்லவேளை, பிரமுவின் பழைய வளையல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே கை. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி, முறுக்கு டின்னில் அடுக்கி, நடுநடுவே பிரமுவின் சுங்குடிச் சேலையைத் திணித்திருக்கிறேன். வீட்டில் வேறு பழைய துணி அகப்படவில்லை.

ஜனவரி 29, வியாழன்

வளைகாப்புப் புளிசாதத்துக்குப் புளிக்காய்ச்சல் செய்தேன். முதல் தடவை கருகிவிட்டது. இரண்டாம் தடவை பூனை தும்மியது. மூன்றாவது பரவாயில்லை.

ஜனவரி 30, வெள்ளி

நாளை ரயில். கூட வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் உலகநாதன், எனக்குப் பத்தொன்பது வருசம் கண்டக்டர். இன்னொருவர் ஞானதுரை அண்ணாச்சி, டிப்போ மெக்கானிக், எனக்கு மூத்தவர். ஜோத்பூர் வரை ரயில், அதற்கப்புறம் மோட்டார் சைக்கிள். இது உலகநாதன் யோசனை.

“வே, முப்பது வருசம் ஊரானை ஏத்தி எறக்குனோம். நமக்குன்னு ஒரு ட்ரிப் அடிச்சோமா? ரிட்டயர் ஆனதக் கொண்டாடணும்னா பாலைவனத்துல கொண்டாடணும். அங்கதான் ஸ்டாப்பிங்கே கெடையாது.”

இத்தனைக்கும் அவனுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பின் சீட்டில்தான் வருவான்.

பிப்ரவரி 3, செவ்வாய். ஜோத்பூர்

பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து மூவரும் கைலியும் கதர் பனியனுமாக வந்து இறங்கினோம். குளிரில் பல் கிட்டுகிறது. தெருவோரக் கடையில் ஆளுக்கொரு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் வாங்கினோம். அண்ணாச்சிக்குக் கிடைத்த ஸ்வெட்டரில் பூப் போட்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வாடகைக்கு வண்டி கொடுக்கும் பையன் எங்கள் நரையைப் பார்த்துத் தயங்கினான். நான் லைசென்ஸை நீட்டினேன். உலகநாதன் சுத்தத் தமிழில், “தம்பி, இவரு காரையார் மலையில மழை நேரத்துல பஸ்ஸ ரிவர்ஸ் எடுத்தவரு” என்று கையை வளைத்து வளைத்துக் காட்டினான். பையனுக்கு என்ன புரிந்ததோ, எனக்கும் அண்ணாச்சிக்கும் ஆளுக்கொரு வண்டி எடுத்துவிட்டு, ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்தான்.

உலகநாதன் கழுத்தில் இன்னும் அந்த விசில். என் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு விசில் கொடுத்தான். என் கை தானாகக் கிளட்சை விட்டது. பழக்க தோஷம். ஒரு விசில் என்றால் நிற்கும், ரெண்டு என்றால் கிளம்பும்; நடுவில் யோசிக்கிற வேலையே கிடையாது. கோமு சின்னப்பிள்ளையில் அவனிடம் விசிலைப் பிடுங்கி வீட்டில் ஊதுவாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன். பிரமு கரண்டியோடு வருவாள், அவள் ஊதினதற்கு என்னைத்தான் திட்டுவாள்.

பிப்ரவரி 4, புதன். பொக்ரான்

இன்று முழுக்க ஓட்டினேன். என்ன சாலை! வளைவே இல்லை. காரையார் மலைப்பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை வளைவு திருப்பியிருப்பேன். இங்கே ஹேண்டில்பார் என்று ஒன்று எதற்கு என்று சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் மணலும் முள்மரமும். ஒட்டகம் ஒன்று நடுச்சாலையில் நின்றுகொண்டு, ஆர்.டி.ஓ. மாதிரி எங்களை மேலும் கீழும் பார்த்தது. அண்ணாச்சி ஹாரன் அடித்தார், நகரவில்லை. உலகநாதன் ஒரு விசில் கொடுத்தான். “அது ஏற்கெனவே நின்னுதான வே இருக்கு, ரெண்டு அடியும்” என்றேன். ரெண்டு அடித்தான். ஒட்டகம் போய்விட்டது! அவனுக்கு இன்று பிடிபடாத சந்தோஷம்.

எனக்கும்தான். முப்பது வருசம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த காற்று இன்று நேராக முகத்தில் அடித்தது. வாயைத் திறந்து பாடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் நன்றாக இருந்தது.

மத்தியானம் ஒரு தாபாவில் கம்பு ரொட்டி. அண்ணாச்சி பையில் கைவிட்டுப் புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்துவிட்டார். “மணி, ருசி பாக்காண்டாமா? அங்க போயி மானம் போச்சுன்னா?” என்று பாட்டிலில் கால்வாசியை ருசி பார்த்தார். கம்பு ரொட்டிக்கு அது அப்படிப் பொருந்துகிறது. தாபாக்காரரும் விரலால் தொட்டு நக்கி, கண்ணை மூடிக்கொண்டு ‘வா வா’ என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று உலகநாதன் திரும்பிப் பார்த்தான்.

சாயங்காலம் லாட்ஜில் ஒரு சின்னத் தகராறு. டின்னைத் திறந்து வளையல் உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. பிறகு, இந்த வளையலை எப்படித்தான் போடுகிறார்கள் என்று ஒரு யோசனை. தெரிந்து வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை. உலகநாதன் கையைக் கடன் கேட்டேன்.

“எதுக்குவே?”

“அளவு பாக்கத்தான்.”

“என் கை அளவு உமக்கு எதுக்கு?”

“நீட்டும்யா.”

கட்டை விரலை உள்ளே மடக்கி, விரல்களைக் குவித்து, மெல்ல ஏற்ற வேண்டும். பிரமு கோமுவுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு பச்சை வளையலை ஏற்றிவிட்டேன். அழகாகப் போய்விட்டது. வரத்தான் மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டோம். தேங்காய் எண்ணெய் போட்டோம். அண்ணாச்சி ஸ்பேனர் எடுத்து வந்தார், உலகநாதன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டான்.

“ஒடச்சிரலாமா?” என்றேன் கடைசியில்.

“வாய அலம்பும். வளைகாப்பு வளையல ஒடைக்கதாவது? கெடக்கட்டும் வே, பொம்பளப்பிள்ள மாதிரி நானும் கொஞ்சம் கலகலன்னு இருக்கேன்.” ஸ்வெட்டர் கையை இழுத்து மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமல் கேட்டான்: “மொத வளையல் யாரு போடுதா?”

அங்கே ராணுவக் குடியிருப்பில் ஆரணிக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள், ரேணுகா, ஹவில்தார் மனைவி. கோமுவின் சிநேகிதி. அவள் போடுவாள் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள் என்றேன்.

“உமக்கு?”

எனக்கு ஒன்றுமில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

பிப்ரவரி 5, வியாழன். ஜெய்சல்மேர்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் லாட்டி என்ற ஊரைத் தாண்டி, ஏழெட்டு வீடுகள் உள்ள ஒரு இடத்தில் டீக்கு நிறுத்தினோம். குடித்து முடித்து நான் வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, குல்லாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பின்னால் ரெண்டு விசில். கிளம்பிவிட்டேன்.

வெகு தூரம் பேசிக்கொண்டே ஓட்டினேன். கோமு வீட்டில் மூன்று நாளைக்கு மேல் தங்கக் கூடாது, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றேன். திரும்பிப் போனால் வீட்டில் பூனை ஒன்றுதான், அது வேறு விஷயம் என்றேன். வளையல் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, யார் வேண்டுமானாலும் போடலாம், என்றேன். உலகநாதன் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் முறையாக மரியாதையாக நடந்துகொள்கிறான் என்று நினைத்தேன்.

பக்கத்தில் அண்ணாச்சி வண்டியை ஒட்டிக்கொண்டு வந்து கத்தினார். “ஏ மணி! கண்டக்டர் எங்கலே?”

திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் காற்றுதான் உட்கார்ந்திருந்தது.

டீக்கடைக்குப் பின்னால் ஒருவன் லாரிக்கு ரிவர்ஸ் சொல்லி விசில் அடித்துக்கொண்டிருந்தானாம். எனக்கு ஆள் முக்கியமா, விசில்தானே முக்கியம்? உலகநாதன் முள்மரத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கப் போயிருக்கிறான். போகும்போது வளையல் டின்னையும் கையோடு எடுத்துப் போயிருக்கிறான். கலெக்‌ஷன் பையைப் பிரியாத கண்டக்டர் புத்தி.

வண்டியைத் திருப்பி நான் ஓட்டிய வேகத்தை எந்த டிப்போ மேனேஜரிடமும் சொல்ல முடியாது. போன் செய்யலாமென்றால் அவன் போன் என் பையில்தான் கிடக்கிறது. ஆளும் போய் வளையலும் போய், கோமு முகத்தில் எப்படி விழிப்பேன்? “முருகா, ஒரு வளையலாவது மிஞ்சணும்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வந்து பார்த்தால் உலகநாத மகாராஜா கயிற்றுக்கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தலையில் யாரோ சிவப்புத் தலைப்பாகை கட்டிவிட்டிருக்கிறார்கள். கையில் மோர். சுற்றி அந்த ஊர்ப் பெண்கள் முழுக்க. டின் திறந்து கிடக்கிறது.

“வாரும் வே, டிரைவரே” என்றான். “ஒம்ம நம்பி உக்காந்தா மோரு குடிச்சே வயசாயிரும்.”

நடந்தது இதுதான். பாஷை தெரியாமல் தவித்தவன், கையிலிருந்த பச்சை வளையலைக் காட்டியிருக்கிறான். பிறகு டின்னைத் திறந்து காட்டி, தன் தொந்தியைத் தடவிக் காட்டி, தாலாட்டுகிற மாதிரி கையை ஆட்டியிருக்கிறான். பெண்கள் முதலில் அவனுக்குத்தான் ஏழு மாதம் என்று நினைத்துச் சிரித்தார்களாம். அப்புறம் புரிந்துகொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகிற டின் தங்கள் வாசலை வெறுமனே தாண்டிப் போகக் கூடாது என்று ஒவ்வொருத்தியும் உள்ளே போய் ஒரு அரக்கு வளையல் கொண்டுவந்து டின்னில் வைத்திருக்கிறாள். கண்ணாடி ஒன்றும் உடைந்துவிடாமல் பிரமு சேலையை மறுபடி நடுநடுவே திணித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

உலகநாதனைக் கட்டிக்கொண்டேன். “விடும் வே, மோரு சிந்துது” என்றான்.

பிற்பகலில் தூரத்தில் காற்றாடிகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, பிறகு கண்ணுக்கு எட்டியவரை. ஆரல்வாய்மொழியில் சுற்றுகிற அதே வெள்ளைக் காற்றாடிகள். இத்தனை தூரம் வந்தும் நம் ஊருக்குள் நுழைகிற மாதிரியே இருந்தது. கோமு வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். நின்ற விதம் அப்படியே பிரமு, ஒரு கணம் வண்டியை நிறுத்த மறந்துவிட்டேன். உலகநாதன் ஒரு விசில் கொடுத்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

வளைகாப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே அண்ணாச்சியும் நானும் சோறு வடித்து, புளிசாதம் கிளறினோம். பாட்டிலில் மிஞ்சியது போதுமோ என்று பயந்தேன், போதுமானதாக இருந்தது. கூடத்தில் மணை போட்டுக் கோமுவை உட்கார வைத்தார்கள். பட்டுச்சேலை, தலை நிறைய ஜோத்பூரிலிருந்து தன்ராஜ் வரவழைத்த மல்லிகை. அக்கா வீடியோ காலில் வந்து, போன் வழியாகவே எல்லோரையும் அதட்டினாள். நான் டின்னை ரேணுகா கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, சொன்னபடி, பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். தன்ராஜின் அம்மா, கேசர் அம்மா. அவரும் கணவரை இழந்தவர். இந்த ஊரிலும் அதே சட்டம் போலிருக்கிறது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு ஒரு கிளாஸ் டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் கையில் காகிதத்தில் சுற்றிய எதையோ இறுகப் பிடித்திருந்தார். ஒரு ஜோடி அரக்கு வளையல். என் பார்வையைக் கண்டு அதைச் சேலைக்குள் மறைத்தார். வருத்தமில்லை வருத்தமில்லை என்று இந்த டைரியில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். பொய். நிறைய வருத்தம் இருந்தது.

உள்ளே கோமு குரல் கேட்டது. “அப்பா எங்க?”

“அவன் பின்னால நிப்பான். ரேணுகா, நீ போடும்மா” என்றாள் அக்கா போனிலிருந்து.

“அப்பா வரட்டும் அத்தை.”

“முறைன்னு ஒண்ணு இருக்கு தாயி.”

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவே கூடாது என்று தரையைப் பிடித்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு ரெண்டு விசில்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்கமாட்டேன். நினைவு வந்தபோது கூடத்தின் நடுவில், கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருக்கிறேன். மொத்தக் கூட்டமும் சிரிக்கிறது. மணையில் உட்கார்ந்திருந்த கோமு வாயில் உலகநாதனின் விசில். அவன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

கோமு விசிலை எடுத்தாள். “வந்துட்டீங்கல்லா? உக்காருங்க. அம்மா கை அளவு பாத்து வாங்கத் தெரிஞ்ச ஆளுக்குப் போடத் தெரியாதாக்கும்?”

“ஏ மாசிலாமணி, நீ அங்க என்ன பண்ணுதே!” என்று அக்கா கத்தினாள். ஞானதுரை அண்ணாச்சி, “சிக்னல் இல்லம்மா” என்று சொல்லிப் போனை அரிசிப் பானை மேல் கவிழ்த்து வைத்தார்.

ரேணுகா டின்னை என் பக்கம் நகர்த்தினாள். நான் ஒரு பச்சை வளையல் எடுத்தேன். கட்டை விரலை மடக்கி, விரல்களைக் குவித்து, மெல்ல. வளையல் ஏறிவிட்டது. அழுகையும் வந்தது. அடுப்புப் புகை என்றேன். “அடுப்பு அணைஞ்சு அரைமணி நேரம் ஆச்சு வே” என்றான் உலகநாதன். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அடுத்து கோமு பின்கட்டைப் பார்த்து மறுபடி ரெண்டு விசில் கொடுத்தாள். கேசர் அம்மாவுக்கு நம் விசில் பாஷை தெரியாதே. உலகநாதன் வாசலில் போய் நின்று, சாயங்கால பஸ்ஸில் கத்துகிற அதே குரலில், “உள்ள வாங்க, உள்ள வாங்க, உள்ள எடம் இருக்கு!” என்று இரண்டு கையாலும் வாரினான். அதற்கு எந்த ஊரிலும் அர்த்தம் ஒன்றுதான். தன்ராஜ் ஓடிப்போய் அவன் அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தான். அவர் மறைத்து வைத்திருந்த அரக்கு வளையலைப் போட்டுவிட்டு, கோமு நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெண்கள் ஏதோ பாட்டு ஆரம்பித்தார்கள். ரேணுகா மூன்றாவதாகப் போட்டாள். முதலில் போடுவதைவிட இப்படி மூன்றாவதாகப் போடுவதுதான் நன்றாக இருக்கிறது என்றாள், நல்ல பெண்.

கேசர் அம்மா உலகநாதன் கையைப் பார்த்துவிட்டு நெய்க் கிண்ணத்தோடு வந்தார். கண் இமைப்பதற்குள் வளையல் கழன்றது. அது கோமுவின் கையில் கடைசியாக ஏறியது. உலகநாதன் வெறும் கையைத் தடவிக்கொண்டு, “ரெண்டு நாளுல பழகிட்டு வே” என்றான்.

புளிசாதம் பருக்கை மிஞ்சவில்லை.

பிப்ரவரி 7, சனி

காலையில் அக்காவுக்குப் போன் செய்தேன். திட்டினாள். மூச்சு வாங்க நிறுத்தி, வளையல் சரியாக இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். “பிரமு கைதான அது” என்று அழுதாள்.

பிப்ரவரி 9, திங்கள்

வளைகாப்பு முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. கிளம்ப வேண்டியதுதான். மூட்டை கட்டி, ஸ்வெட்டர் மாட்டி, வண்டிகளைத் துடைத்து வாசலில் நிறுத்தினோம். அண்ணாச்சி பூப்போட்ட ஸ்வெட்டரைப் போடாமல் பையில் வைத்திருக்கிறார், ஊரில் பெண்டாட்டிக்குக் கொடுக்கப் போகிறாராம்.

உலகநாதன் பின் சீட்டில் ஏறவில்லை. சட்டைப்பை, பேன்ட் பை எல்லாம் தடவிப் பார்த்தான்.

“வே, விசிலக் காணல.”

“நல்லாப் பாரும்.”

“பாத்தாச்சு. எங்கயோ விழுந்துட்டு போலருக்கு.”

வாசற்படியில் கோமு நிற்கிறாள். அவள் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது. சாவிகளுக்கு நடுவே அந்த விசிலும் தொங்குகிறது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். கை நிறைய வளையலோடு முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். உள்ளே கேசர் அம்மா கம்பு ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கிறது, எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் போல.

விசில் இல்லாமல் வண்டியை எடுப்பது விதிக்கு விரோதம். பூனைக்குப் பால் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்துவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டேன்.